ஒரு துளி ரத்தத்தில் மார்பகக் கட்டி தெரியுமா?

கருங்கல் பக்கம் முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் காட்டினார். நோய் எதிர்ப்பு ஏற்பிகளை, அதாவது கிருமி போன்றவற்றை உணர்ந்து அணுவுக்குச் சேதி சொல்லும் புரதங்களை, ரத்தத்தில் அளந்தாலே மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாமாம். "இந்தப் பரிசோதனை இங்கே உண்டா, மக்களே? கட்டியில் ஊசி குத்த வேண்டாமே!" கட்டி தட்டுப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வலிக்கவில்லை, அதனால் அவசரப்படவில்லை.

செய்தி முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். நோய் எதிர்ப்பு ஏற்பிகளில் டோல் என்றொரு வகை; மனிதரிடம் அதில் 10 உண்டு. நான்காம் எண் ஏற்பி, சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையை மோப்பம் பிடித்து உடலை உசுப்பும். மார்பகப் புற்றணுக்களிலும் இவை காணப்படுவதால், நோயின் அடையாளமாகக் கொள்ளலாமா என்று ஆராய்கிறார்கள். ஆனால் பால் கட்டிச் சீழ் பிடித்தாலும் இதே ஏற்பிகள்தான் விழித்துக்கொள்ளும். வாசலில் நாய் குரைப்பதை வைத்து, வந்தவன் கள்ளனா மச்சானா என்று சொல்ல முடியுமா?

ஏற்பியைப் பார்த்து மருந்தை முடிவு செய்வது இன்றும் நடக்கிறது, திசுவில். புற்று உறுதியானால் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் திசுவில் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். மூன்றும் இல்லாதவர்களில் சிலருக்கு, நோய் எதிர்ப்பு அணுக்களின் பிடி-1 ஏற்பியோடு ஒட்டும் பிடி-எல்1 புரதத்தையும் பார்ப்பதுண்டு.

இதெல்லாம், எடுத்த திசுவைப் போட்டு அனுப்பும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒருமுறை வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து, நூல் நூலாக எடுத்த நான்கு துண்டுகள் வெறும் சலைனில் மிதந்தபடி, உறவினர் மடியில் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. அணுக்கள் குழைந்துவிட்டிருந்தன. அப்படிப்பட்ட திசுவில், இருக்கும் ஏற்பியும் இல்லை என்று வரும். அதன்படி மருந்தும் மாறிப்போகும். அந்தப் பெண் மறுபடியும் ஊசிக்குப் படுத்தார். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போல் 10 மடங்காவது ஊற்றிப் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊற வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது திசு எடுத்தால், பாட்டிலில் என்ன ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

முந்திரி ஆலை அம்மாவுக்கு அன்றே மேமோகிராம், ஸ்கேன் பார்த்து, மரத்துப்போக மருந்து போட்டுத் திசு எடுத்தார்கள். நான் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டென்று ஊசி சொடுக்கியது. அவர் கண்ணைத் திறந்து, தோலுரிந்த தன் விரல்களை என் முன் நீட்டினார். "முந்திரி எண்ணெய் சுடுவது இதைவிடக் கொடுமை, மக்களே."