பொங்கல் பானைக்குப் பின்னால் பச்சைத் திரை வேண்டாம்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் இப்போது சிறிய மண்டபத்தில் நடக்கும் பரிசளிப்பு விழாவுக்குக்கூட நேரலை கேட்கிறார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதோடு, தொலைக்காட்சியில் வருவதுபோல் பின்னணியும் வேண்டும் என்கிறார்கள். செய்யலாம். ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளிலேயே அதற்கு வசதி உண்டு. ஆனால் அதற்காக ஆளுக்குப் பின்னால் பச்சைத் துணித் திரையை விரிக்கும் முன், மேடையில் என்னென்ன வைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

ஒரு பொங்கல் நேரலையைப் பார்த்து மனம் நொந்துபோனேன். கும்பத்தில் மாவிலை இல்லை. செம்புக்கு மேலே தேங்காய் அந்தரத்தில் நின்றது. கரும்புத் தோகையும் வாழையிலையும் இருந்த இடத்தில் கணினியில் வரைந்த கோபுரம் தெரிந்தது. பின்னணியை மாற்றும் இந்த உத்திக்குக் குரோமா கீ என்று பெயர். அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று: குறித்த நிறத்தை எங்கே கண்டாலும் அழித்து, அங்கே வேறு படத்தை வைப்பது. மாவிலையின் கரும்பச்சை எப்படிப் போனது? கசங்கிய துணியின் மடிப்புகளில் நிழல் விழுந்திருக்கும். அந்த நிழலையும் அழிப்பதற்காக நிறத்தின் எல்லையை அகட்டியிருப்பார்கள். அகட்டியதும் இலையும் சேர்ந்து போய்விட்டது. துணியை இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டியிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

ஸ்டூடியோக்கள் பச்சையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான கமராக்களில் ஒளியைப் பதியும் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு உரியவை. சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா கால் பங்குதான். அதனால் பச்சை தெளிவாகப் பதியும். ஆனால் தோரணம், வெற்றிலை, பச்சைப் பட்டு என்று நம் விழாக்களே பச்சையாக இருக்கின்றன. எனவே நீலத் துணி வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அதற்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான்.

துணிக்கும் ஆளுக்கும் தனித்தனி விளக்கு வையுங்கள். பேசுபவர் துணியிலிருந்து ஆறேழு அடி தள்ளி நிற்கட்டும்; நெருங்கி நின்றால் துணியின் நிறம் தோளிலும் ஜிமிக்கியிலும் படியும். பளபளக்கும் குத்துவிளக்கை இந்தக் காட்சியில் வைக்கவே வேண்டாம். துணியின் நிறம் அதில் பிரதிபலித்தால் பித்தளையில் ஓட்டை விழும்.

நுவரெலியாவில் ஜன்னலை நம்பவே கூடாது. வெயிலில் சரிபார்த்து வைத்த நிறம், மூடுபனி இறங்கிய ஐந்து நிமிடத்தில் மாறிவிடும். ஜன்னல்களை மறைத்துவிட்டு மின்விளக்கில் மட்டும் எடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் விளக்கின் துடிப்பு படத்தில் வராது.

பின்னணியில் கணினியில் வரைந்த மெய்நிகர் அரங்கு போட்டால் கமராவை முக்காலியில் பூட்டிவிடுங்கள். கமராவின் அசைவைப் பின்தொடரும் கருவி இல்லாமல் கமராவைத் திருப்பினால், ஆள் நகர்வார், பின்னணி நகராது. பின்னணியில் மேகமும் அருவியும் ஓட வேண்டாம். அசைவு கூடக் கூட அதைக் காட்டக் கூடுதல் தரவு தேவைப்படும். தோட்டப் பகுதியில் ரவுட்டருக்குக் கிடைக்கும் குறைந்த பதிவேற்ற வேகத்தை அருவியே தின்றுவிட்டால், பரிசு வாங்கும் பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீடியோவில் வினாடிக்கு 25 சட்டகம் (பிரேம்) என்றால் ஒரு சட்டகத்துக்கு 40 மில்லி வினாடி. படத்தில் சேர்க்கும் வேலைகளால் நான்கு சட்டகம் தாமதமானாலே உதடும் குரலும் பிரிந்துவிடும். தொடங்குவதற்கு முன் ஒருவரைக் கமரா முன் நிறுத்திக் கைதட்டச் சொல்லுங்கள். பதிவில் கைகள் சேரும் கணத்துக்கு முன்னரே சத்தம் கேட்டால், அந்த இடைவெளி அளவுக்கு ஒலியையும் தாமதப்படுத்துங்கள்.