பருப்பு வேகாத தண்ணீரும் ஒரு நல்கை விண்ணப்பமும்

கற்பித்தல் மேம்பாட்டுக்குச் சிறு நல்கை (கிராண்ட்) தருகிறோம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், மறுநாளே இளைய பேராசிரியர்கள் யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள்: "மேடம், இதுல என்ன வாங்கலாம்?"

நானும் முதல் முறை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன். ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர், இரண்டு கணினி என்று கொட்டேஷன் வாங்கி இணைத்து அனுப்பினேன். "இதனால் மாணவர் கற்பதில் என்ன மாறும் என்பது தெளிவாக இல்லை" என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. நாலு நாள் மனசு ஆறவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் உண்மை.

டெல்டாவில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள் அதிகம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறியவர்களும் நிறையப் பேர்.

அன்று இரண்டாம் ஆண்டு ஆய்வக வகுப்பு. நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, கண்டுபிடிக்கும் சோதனை. வேதாரண்யம் பக்கத்துப் பெண் ஒருத்தி வீட்டுப் போர் தண்ணீரை ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். 50 மில்லி அளந்து, பஃபர் விட்டு, இண்டிகேட்டர் போட்டாள். ஒயின் சிவப்பு. பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கி, 31 மில்லியில் பளிச்சென்று நீலமானது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. 20-ஆல் பெருக்கி, லிட்டருக்கு 620 மில்லிகிராம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

"சரி, 620 என்றால் என்னம்மா?" என்றேன். விழித்தாள். பக்கத்து மேசைப் பையனுக்கும் தெரியவில்லை. அப்புறம் பேச்சைத் திருப்பி, வீட்டில் சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னாள்: "போர் தண்ணியில பருப்பு வேகாது மேடம். சோப்பும் நுரைக்காது. கொள்ளிடத்துத் தண்ணி பைப்புல வர்றப்ப அம்மா ஒரு குடம் பிடிச்சு பருப்புக்குன்னு தனியா வச்சிருப்பாங்க."

கடினத்தன்மை என்றால் என்ன என்பது அந்த அம்மாவின் குடத்தில் இருந்தது. மகளின் நோட்டில் வெறும் எண்ணாக இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 10500, 2012) ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி. 620 அதையும் தாண்டிவிட்டது. இதை அவளுக்கு எந்த வகுப்பிலும் நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த விண்ணப்பத்தை இந்த இடத்திலிருந்து எழுதினேன். "ஆய்வகக் கற்பித்தலை மேம்படுத்துதல்" என்ற பழைய தலைப்பைத் தூக்கிவிட்டு, "சோதனையைச் சரியாகச் செய்யும் மாணவர்கள், கிடைத்த எண்ணை வைத்து ஒரு முடிவு சொல்லத் தடுமாறுகிறார்கள், தங்கள் ஊர்த் தண்ணீரை ஆராயவைத்து இதை மாற்றிப் பார்க்கிறோம்" என்று முதல் பத்தியிலேயே சொன்னேன். உங்கள் துறை வரலாறாக இருந்தாலும் வணிகவியலாக இருந்தாலும் இப்படி ஒரு இடம் இருக்கும். விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன் அதைக் கண்டுபிடியுங்கள். விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து, எல்லோரும் ஒரே மாதிரி தவறும் கேள்வி எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் ப்ரபோசல்.

மதிப்பிடுபவர் அடுத்துப் பார்ப்பது, மாற்றம் வந்ததை எப்படிக் காட்டுவீர்கள் என்பதை. "மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவோம்" என்று எழுதுவது போதாது. பிள்ளைகள் நம் மீதுள்ள மரியாதையில் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" போட்டுவிடுவார்கள். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு கேள்வி கொடுங்கள், முடிவில் அதே வகைக் கேள்வியை வேறு எண்களோடு கொடுங்கள். இரண்டு பதிலையும் ஒரே அளவுகோலில், முடிந்தால் இன்னொரு ஆசிரியரை வைத்துத் திருத்துங்கள். இரண்டு பிரிவு இருந்து ஒன்றில் மட்டும் புதிய முறையை நடத்தினால், மற்றப் பிரிவுக்கும் அடுத்த செமஸ்டரில் அதைத் தந்தே ஆக வேண்டும். ஒரு பாதிப் பிள்ளைகள் இழந்துவிடக் கூடாது.

பட்ஜெட்டில் பெரிய பொருள் எதுவும் போடவில்லை. ரசாயனம், உடையப்போகும் பிப்பெட்டுகளுக்கு மாற்று, மாதிரி பாட்டில்கள், நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க இரண்டு டிடிஎஸ் மீட்டர், மாணவர்களுக்குப் பஸ் செலவு, அச்சுச் செலவு. ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று அரை வரி. ஜிஎஸ்டியைச் சேர்த்து விலை எழுதுங்கள். விட்டுவிட்டால் பிறகு கைக்காசு போகும்.

கால அட்டவணையில்தான் நம் பக்கத்துக்காரர்கள் அதிகம் இடறுகிறோம். வேறு ஊரில் தயாரான மாதிரிப் படிவத்தைப் பார்த்து "நவம்பர்: களப்பணி" என்று எழுதிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழையில் கடலோரக் கிராமத்துக்கு எப்படிப் போவது? ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்கள், பின்னாலேயே செமஸ்டர் தேர்வு. நான் மழைக்கு முன் ஆகஸ்டில் ஒரு சுற்று, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு சுற்று என்று வைத்தேன். நிலத்தடி நீர் மழையால் எவ்வளவு மாறுகிறது என்பதையும் அதிலேயே மாணவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இன்னொன்று, பணம் வந்த அன்றே யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழைப் பற்றி யோசியுங்கள். மத்திய அரசு நல்கை என்றால் அது 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் போக வேண்டும். செலவாகாத தொகையையும், அதற்கு வங்கி கொடுத்த வட்டியையும் கணக்கில் காட்ட வேண்டும். பில் ஒவ்வொன்றும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்க வேண்டும். மார்ச் 31 நெருங்கும்போது பில் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை செய்தவர்கள்கூட அடுத்த முறை விண்ணப்பிக்கவே பயந்தார்கள். கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தையும் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். அவர் பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போயிருப்பார்.

பணம் தீர்ந்த பின் என்ன மிஞ்சும் என்றும் படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு நீளமான பதிவேடு என்று எழுதினேன். இப்போதும் அது ஆய்வகக் கதவருகே கயிற்றில் தொங்குகிறது. ஊர், தேதி, போரா பைப்பா, கடினத்தன்மை, கடைசியில் "இந்தத் தண்ணீரை என்ன செய்யலாம்?" என்ற கட்டம். ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகள் முதலில் தங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை பாட்டிலோடு வந்து நிற்கிறார்கள்.