ரைட் ஆஃப் வே: கடல்ல அப்படி ஒரு உரிமை இருக்கா?

கப்பல், படகு பத்தி தமிழ்ல எழுதுறப்போ ரைட் ஆஃப் வேங்கிறத "வழியுரிமை"ன்னு போட்டுட்டுப் போயிடுறோம். வார்த்தைக்கு வார்த்தை சரிதான், விஷயம்தான் தப்பாயிடுது.

இந்தச் சொல் தரையில பொறந்தது. அடுத்தவன் நிலத்து வழியா நடந்து போக, வண்டி ஓட்டிட்டுப் போக சட்டம் குடுக்குற உரிமை, நம்ம கிரயப் பத்திரத்துல "மாமூல் வழிநடை பாத்தியம்"னு எழுதுவாங்களே அதேதான். அப்புறம் ரோட்டுல யார் முதல்ல போறதுங்கிறதுக்கும் இதையே சொல்லி, கடல் பேச்சுலயும் ஒட்டிக்கிச்சு.

ஆனா கடல்ல மோதாம இருக்க உலகம் முழுக்க ஓடுற விதி, கோல்ரெக்ஸ்னு சுருக்கமா சொல்லுவாங்க, 1972ல லண்டன்ல ஒப்புக்கிட்டு 1977 ஜூலைல அமலுக்கு வந்தது, அதுல ரெண்டு கலம் சந்திக்கிற இடத்துல உரிமைங்கிற பேச்சே இல்ல. இருக்கிறது ரெண்டு கடமை: கிவ் வே, அதாவது ஒதுங்கி வழிவிடுறது; ஸ்டாண்ட் ஆன், அதாவது போற போக்குலயே போறது.

ரெண்டு இன்ஜின் கப்பல் குறுக்க வந்தா, எது தன்னோட வலப்பக்கத்துல மத்ததைப் பாக்குதோ அது ஒதுங்கணும், முடிஞ்சவரை மத்ததுக்கு முன்னால குறுக்க பாயாம. ராத்திரில அப்படி வர்றவனோட இடப்பக்கத்து சிவப்பு விளக்குதான் உங்களுக்குத் தெரியும், அப்போ விலக வேண்டியது நீங்க. நேருக்கு நேர்னா ரெண்டு பேருமே வலப்பக்கம் திரும்பணும். பின்னால இருந்து வந்து முந்துறவன் பாய்மரமாவே இருந்தாலும் அவன்தான் விலகணும்.

ஸ்டாண்ட் ஆனை "நிற்கும் கலம்"னு மொழிபெயர்த்தா வம்பு. இங்க ஸ்டாண்ட்னா நிக்கிறது இல்ல, மாலுமி பேச்சுல அதே போக்குல தொடர்ந்து போறது. திசையும் வேகமும் மாத்தக் கூடாது, ஏன்னா ஒதுங்குறவன் உங்க போக்கை நம்பித்தான் கணக்கு போடுறான், ஆளுக்கொரு கணக்கு போட்டா என்ன ஆகும்னா, 1956 ஜூலை 25 ராத்திரி அமெரிக்காவுல நான்டக்கெட் தீவுக்குத் தெற்க ஆண்ட்ரியா டோரியாங்கிற கப்பல் இடப்பக்கம் திரும்புச்சு, எதிர்ல வந்த ஸ்டாக்ஹோம் வலப்பக்கம் திரும்புச்சு, 51 பேர் செத்தாங்க.

ஒதுங்க வேண்டியவன் ஒதுங்கலையா, குறைஞ்சது அஞ்சு தடவ சுருக்கமா ஹாரன் அடிக்கணும், தேவைன்னா நீங்களே விலகிக்கலாம், அவன் மட்டும் திருப்பி இனி தப்பிக்க முடியாதுங்கிற நிலைமைக்கு வந்துட்டா நீங்களும் விலகியே ஆகணும். உரிமைன்னா பிடிச்சுக்கிட்டு நிக்கலாம், இல்ல பெருந்தன்மையா விட்டுக்குடுக்கலாம். இதுல ரெண்டுக்குமே இடமில்ல.

மீன்பிடி படகுக்கு எல்லாரும் வழிவிடணும்னு ஒரு பேச்சு உண்டு. அது வலை மாதிரி சாதனம் கடல்ல கிடந்து, அதனால படகைச் சுலபமா திருப்ப முடியாம இருக்கிறப்போ மட்டும்தான், அப்பவும் எல்லாரும் இல்ல, சாதாரண இன்ஜின் கலமும் பாய்மரமும்தான் வழிவிடணும். சும்மா மீன் பாடு இருக்கிற இடத்துக்குப் போய்ட்டிருக்கிற விசைப்படகு மத்த இன்ஜின் படகு மாதிரிதான்.

அதனால என் ஓட்டு: கிவ் வேக்கு "வழிவிடும் கலம்", ஸ்டாண்ட் ஆனுக்கு "போக்கு மாறாக் கலம்". கப்பல்னு போடாம கலம்னு போட்டா வள்ளத்துல இருந்து எண்ணெய்க் கப்பல் வரைக்கும் அடங்கிடும்.

ரைட் ஆஃப் வேங்கிற சொல்லே நேரடியா இருக்கிறது அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதியில. மிசிசிப்பி மாதிரி ஆத்துல நீரோட்டத்தோட இறங்கி வர்ற கப்பலை சட்டுனு நிறுத்த முடியாது, அதனால எதிர்த்து ஏறி வர்றவன் இடம் விடணும். அதுக்கு வேணா "முன்னுரிமை"ன்னு எழுதிக்கலாம்.