பயத்தை விட்டு ஓட ஓட அது ஏன் பெருசாகுது?

நாயைக் கண்டா பயம்னு வச்சுக்கங்க. தெரு முனையில ஒரு நாய் படுத்திருக்கு, பார்த்ததும் நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை வேர்க்குது, உடனே திரும்பி அடுத்த தெரு வழியா சுத்திப் போயிடறீங்க. திரும்பின உடனே அப்பாடான்னு ஒரு நிம்மதி வருது பாருங்க, ஃபோபியா, அதாவது ஒரு குறிப்பிட்ட பொருளையோ சூழலையோ கண்டா வர்ற அளவுக்கு மீறின பயம், வளர்றதுக்குப் பெரிய காரணமே அந்த நிம்மதிதான். "சுத்திப் போனோம், அதனால தப்பிச்சோம்"னு மூளை முடிவு கட்டிடுது. நேரா போயிருந்தா அந்த நாய் தலையைக்கூடத் தூக்கியிருக்காதுங்கற விஷயம் அதுக்குத் தெரியறதுக்கு வாய்ப்பே கிடைக்கல. அடுத்த தடவை இன்னும் தூரத்துல இருந்தே திரும்பத் தோணும், அப்புறம் அந்தத் தெருவே வேண்டாம், கடைசியில வாக்கிங்கே வேண்டாம்னு ஆகிடும். மௌரர்ங்கற அமெரிக்க உளவியலாளர் 1940கள்லயே இதை ரெண்டு கட்டமா பிரிச்சு சொல்லிட்டாரு: பயம் வந்து ஒட்டிக்கறது ஒண்ணு, விலகிப் போறதால கிடைக்கற நிம்மதி அந்தப் பயத்தைக் கலையவிடாம வச்சிருக்கறது இன்னொண்ணு.

பயம் வர்றதே நோய் கிடையாது, இதை முதல்ல தெளிவா சொல்லிடணும். பரீட்சைக்கு முன்னாடி வயித்தைக் கலக்கறது எல்லாருக்கும் உள்ளதுதான். அந்தப் பயம் மாசக்கணக்கா நீடிச்சு, வேலைக்குப் போறதையோ தூக்கத்தையோ நாலு பேரைப் பார்க்கறதையோ கெடுக்க ஆரம்பிக்கும்போதுதான் அது ஆங்சைட்டி டிஸார்டர். 2019ல உலகம் முழுக்க 30.1 கோடி பேருக்கு இது இருந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இத்தனை கோடிப் பேரைப் பார்த்து "மனசு வீக்கு, தைரியமா இரு"ன்னு சொல்றதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல, சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா கேக்கறவங்களுக்குக் குற்ற உணர்ச்சிதான் கூடுது.

மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்தா, ரெண்டு பக்கக் காதுக்கும் உள்ள தள்ளி பாதாம் பருப்பு சைஸ்ல அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. ஆபத்துன்னு தோணினா நாம யோசிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே அது உடம்பை உசுப்பி விட்டுடும், உடம்பை ஓடவோ சண்டை போடவோ தயார்படுத்தற அட்ரினலின்ங்கற ஹார்மோன் சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், ஜீரணம் மெதுவாகும். "இது சின்ன நாய்தானே, என்ன பண்ணிடப் போகுது"ன்னு புத்திக்குத் தெரிஞ்சும் உடம்பு கேக்க மாட்டேங்குதுல்ல, அதுக்குக் காரணம் இந்த அவசரம்தான். அபூர்வமான ஒரு மரபணு நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் சேதமான ஒரு பெண்ணை அமெரிக்காவுல ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க, ஆய்வுக் கட்டுரைகள்ல எஸ்.எம்.ங்கற எழுத்துகள்தான் அவங்க அடையாளம். பாம்பு விக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போனா பயமே இல்லாம கையில எடுத்துப் பார்த்தாங்களாம், கேட்டா பாம்பு பிடிக்காதுன்னுதான் எப்பவும் சொல்லியிருக்காங்க. ஆனா அதே பெண்ணை கார்பன் டை ஆக்சைடு அதிகமா கலந்த காத்தை ஒரே ஒரு மூச்சு இழுக்க வச்சப்போ பேனிக் அட்டாக்கே, அதாவது திடீர்னு உச்சத்துக்கு ஏறுற கடுமையான பயம், வந்துடுச்சு. 2013ல வெளியான இந்த முடிவு எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா வெளிய இருக்கற ஆபத்துக்கு அலறுறதுக்கும் உடம்புக்குள்ள மூச்சு முட்டுறதுக்கு அலறுறதுக்கும் மூளையில ஒரே வழி இல்லைன்னு அது காட்டுது.

சரி, ஒட்டிக்கிட்ட பயத்தை எப்படிக் கழட்டறது? 1924ல மேரி கவர் ஜோன்ஸ்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீட்டர்னு ஒரு குழந்தையைப் பத்தி எழுதினாங்க, இன்னும் 3 வயசு முடியல, முயலைக் கண்டா அலறுவான், பஞ்சு, ஃபர் கோட்டு எதைப் பார்த்தாலும் பயம். அவன் பிடிச்சதை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது முயலைக் கூண்டோட ரூமோட ஒரு மூலையில வச்சாங்க, அவன் பொறுத்துக்கற அளவு பார்த்து கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க, முயலுக்குப் பயப்படாத வேற குழந்தைங்களையும் கூட விளையாட விட்டாங்க. நடுவுல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில இருந்துட்டுத் திரும்பறப்போ ஒரு பெரிய நாய் மேல பாய, பயம் மொத்தமா பழைய இடத்துக்கே போயிடுச்சு. மறுபடி ஆரம்பிச்சாங்க, கடைசியில முயல் அவன் விரலைக் கொறிக்கற வரைக்கும் விட்டான். பயப்படற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நேர்ல சந்திச்சுப் பழக வைக்கற, இன்னைக்கு எக்ஸ்போஷர் தெரபின்னு நடக்கற சிகிச்சைக்கு இதுதான் ஆரம்பப் புள்ளி.

பீட்டருக்குப் பயம் திரும்பி வந்ததுலயும் ஒரு பாடம் இருக்கு. எக்ஸ்போஷர் பண்ணினா பழைய பய நினைவு அழிஞ்சு போறதில்ல. நெரிசலான பழைய ரோட்டை இடிக்காம பக்கத்துல ஒரு பைபாஸ் போடற மாதிரி, "நாய் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல"ங்கற புது நினைவு பழசுக்குப் பக்கத்துலயே உருவாகுது. அதனால ரொம்ப நாள் பழக்கம் விட்டுப் போனாலோ, புது இடத்துக்குப் போனாலோ, மனசு நொந்து இருக்கும்போதோ பழைய பயம் எட்டிப் பார்க்கும், சிகிச்சை தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. இதுக்காகத்தான் விவரம் தெரிஞ்ச தெரபிஸ்ட் ஒரே நாயோட நிறுத்தாம வேற வேற நாய், வேற வேற தெரு, வேற வேற நேரம்னு மாத்தி மாத்திப் பழக்குவாங்க.

இன்னொரு விஷயத்தைப் பல பேர் கவனிக்கறதே இல்ல. லிஃப்ட்ல ஏறுவாங்க, ஆனா போனைக் கையில இறுக்கிப் பிடிச்சிருப்பாங்க, பஸ்ல போவாங்க, ஆனா படிக்கட்டு பக்கத்து சீட்டுதான் வேணும், பையில மாத்திரை இருந்தாத்தான் வாசப்படியே தாண்டுவாங்க. இதெல்லாம் இருந்தா, பயணம் நல்லபடியா முடிஞ்சாலும் "மாத்திரை இருந்ததால பொழைச்சேன்"னுதான் மூளை எடுத்துக்கும். தாயத்து மாதிரி வச்சிருக்கற இந்தப் பொருள்களை ஒவ்வொண்ணா விட்டுட்டுப் போய்ப் பார்க்கறதும் சிகிச்சையில ஒரு பகுதிதான்.

பேனிக் அட்டாக்குல பயப்படற பொருளே நம்ம உடம்புதான். மூச்சு வேகமா வாங்குது, அதனால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது, விரல் நுனி மரத்துப் போகுது, தலை சுத்துது, உடனே "ஹார்ட் அட்டாக் வந்துடுச்சு"ன்னு நினைக்கறோம், அந்த நினைப்பு இன்னும் அட்ரினலினைக் கூட்டுது, மூச்சு இன்னும் வேகமாகுது. இந்தச் சுழலைத்தான் டேவிட் கிளார்க்ங்கற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986ல விளக்கினாரு. நெஞ்சு வலி முதல் தடவை வந்தா கண்டிப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துடுங்க, அதுல சந்தேகமே வேண்டாம். இதயம் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு தெரபிஸ்ட் பக்கத்துல இருந்து படி ஏற வைப்பாங்க, சுழல் நாற்காலியில சுத்த வைப்பாங்க, வேணும்னே வேகமா மூச்சு வாங்க வைப்பாங்க. அதே படபடப்பு, அதே தலைச்சுத்தல், ஆனா ஒண்ணும் ஆகலைன்னு உடம்பே கத்துக்கும்.

ஊசி, ரத்தம் பார்த்தா பயம்ங்கறது மட்டும் இந்தக் குடும்பத்துல தனி ரகம். மத்த ஃபோபியாவுல பிரஷர் ஏறும், மயக்கம் போட்டு விழறது அபூர்வம். இதுல முதல்ல ஏறி, அப்புறம் சட்டுனு இறங்கிடும், இதயத் துடிப்பும் குறையும், மூளைக்கு ரத்தம் பத்தாம நிஜமாவே மயங்கி விழுவாங்க. அதனால "ரிலாக்ஸ் பண்ணு, உடம்பைத் தளர்த்தி விடு"ன்னு இவங்களுக்குச் சொல்றது தப்பான யோசனை, தளர்த்தினா பிரஷர் இன்னும் இறங்க வசதியாப் போயிடும். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980கள்ல முறைப்படுத்தின வழி நேர் எதிர். உட்கார்ந்துக்கிட்டு கை, தொடை, வயித்துத் தசையை எல்லாம் முகம் சூடாகற வரைக்கும் 10, 15 செகண்ட் இறுக்கணும், அப்புறம் இறுக்கத்தை விட்டு சாதாரண நிலைக்கு வரணும், முழுசா தொய்ஞ்சுடக் கூடாது, ஒரு 20, 30 செகண்ட் விட்டு மறுபடி இறுக்கணும், இப்படி அஞ்சு தடவை. இதை வீட்டுல நாலஞ்சு நாள் பழகிட்டு, அப்புறம் சிரிஞ்ச் படம், ஊசி இல்லாத சிரிஞ்ச்சைக் கையில பிடிக்கறது, இன்னொருத்தருக்கு ரத்தம் எடுக்கறதைப் பார்க்கறதுன்னு போகணும். ஊசி போடற கையை மட்டும் தளர்வா வச்சுக்கிட்டு மத்த தசையை இறுக்கணும். லேபுக்குப் போனதும் "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிட்டுக் கொடுக்கறேன்"னு முதல்லயே சொல்லிடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. வெக்கப்பட்டுக்கிட்டு சுகர் டெஸ்ட், தடுப்பூசி எல்லாத்தையும் வருஷக்கணக்கா தள்ளிப் போடறவங்களை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு.

மாத்திரை விஷயம் சுருக்கமா. பதட்டத்துக்கு டாக்டர்கள் தர்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும், ரெண்டு நாள் போட்டுட்டு "கேக்கல"ன்னு நிறுத்தக் கூடாது, நல்லாயிட்டா கூட டாக்டரைக் கேக்காம திடீர்னு விடக் கூடாது. அல்பிரசோலம் மாதிரி மாத்திரை அரை மணி நேரத்துல படபடப்பை அடக்கிடும், ஆனா பழக்கமாயிடற ஆபத்து உண்டு, அதனால சீட்டு இல்லாம தெரிஞ்ச மெடிக்கல் கடையில வாங்கிப் போடறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க.

டாக்டர்கிட்ட போகும்போது தைராய்டு டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க, தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே நடுக்கம், இதே படபடப்பு வரும். காபி எத்தனை டம்ளர் குடிக்கறீங்கன்னும் சொல்லுங்க. கவுன்சலிங்னு போனா எக்ஸ்போஷர் முறையில சிகிச்சை தருவாங்களான்னு நேரா கேளுங்க, ஆறுதலாப் பேசி மட்டும் அனுப்பினா ஃபோபியா அசையாது. எங்க போறதுன்னே தெரியலைன்னா இந்திய அரசோட மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் நம்பர் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.