டைனமோ சார்ஜ் ஏற்றவில்லையா? முதலில் வோல்ட் மீட்டரைக் கேளுங்கள்

1950-களின் இறுதியில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான மாசி பெர்குசன் 35 டிராக்டரில் இன்றைய ஆல்டர்னேட்டர் கிடையாது. லூகாஸ் நிறுவனத்தின் 12 வோல்ட் டைனமோவும், அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியும்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றின. இவ்வகை வண்டிகளில் சார்ஜ் நின்றுபோனால், பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த கையோடு, பழுது டைனமோவிலா பெட்டியிலா என்பதைப் பிரித்தறிந்துவிட வேண்டும். அதற்கு முன் டைனமோவைக் கழற்றுவது வீண் வேலை.

இந்த டைனமோவில் நிரந்தரக் காந்தம் இல்லை. இரும்புக் கூட்டில் தங்கியிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மையால், சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சரில் முதலில் ஓரிரு வோல்ட் மட்டுமே உண்டாகிறது. அந்த மின்சாரம் கூட்டின் உட்புறமுள்ள நிலையான கம்பிச்சுருளான ஃபீல்டு காயிலில் பாய்ந்து காந்தத்தை வலுப்படுத்த, மின்னழுத்தம் மேலும் உயர்கிறது.

டைனமோவின் ‘டி’ (மின்சாரம் வெளியேறும் முனை), ‘எஃப்’ (ஃபீல்டு காயிலின் முனை) ஆகிய முனைகளிலிருந்து பெட்டிக்குச் செல்லும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்து எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டினால், முள் தடுமாறாமல் விறுவிறுவென்று ஏற வேண்டும். ரெகுலேட்டர் இணைப்பில் இல்லாததால் முள் 20 வோல்ட்டை எட்ட விடக்கூடாது.

முள் சுமார் 1 வோல்ட்டிலேயே நின்றால், தங்கியிருந்த காந்தம் மட்டுமே வேலை செய்கிறது, ஃபீல்டு காயிலில் மின்சாரம் பாயவில்லை என்று பொருள். சுமார் 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் சுற்றைச் சந்தேகிக்கலாம். முள் அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் ஆர்மேச்சரிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது தன் பிடிப்பில் சிக்கி, ஆர்மேச்சரின் முனையில் செப்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோல் தோய்த்த துணியால் துடைக்கலாம், கண்ணாடித் துகள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். எமரித் தாளை மட்டும் தொடவே கூடாது, அதன் துகள்கள் செப்புப் பட்டைகளின் இடைவெளியில் தங்கிக் கேடு செய்யும்.

நெடுநாள் ஓடாமல் கிடந்த டைனமோவில் காந்தத்தன்மையே மறைந்திருக்கலாம். ‘எஃப்’ முனையில் ஒயர் கழற்றப்பட்டிருக்கும் நிலையிலேயே, பேட்டரியின் எர்த் அல்லாத (அதாவது வண்டியின் உடலோடு இணைக்கப்படாத) முனையிலிருந்து ஓர் ஒயரால் அதை ஓரிரு முறை தொட்டு எடுத்தால் காந்தத்தன்மை மீளும். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த் ஆக இருந்ததால், பேட்டரியின் எந்த முனை எர்த் என்று பார்க்காமல் இதைச் செய்யக்கூடாது. திசை மாறிக் காந்தமேறினால், டைனமோ போதிய மின்னழுத்தம் தரும்போது மட்டும் அதைப் பேட்டரியோடு இணைக்கும் பெட்டியின் தானியங்கி சுவிட்சான கட்-அவுட்டின் தொடுமுனைகள் கருகிவிடும்.

சோதனையில் டைனமோ தேறிவிட்டால் அதைத் தொட வேண்டாம். இரு ஒயர்களையும், பெட்டியின் எர்த் இணைப்பையும், சுமார் 13 வோல்ட்டில் கட்-அவுட் மூடுகிறதா என்பதையும் பார்த்தால் போதும். துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்றே சார்ஜைக் கெடுத்துவிடும்.