மலிவு நேரம் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு

நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் வேண்டும். நண்பகல் ஒரு மணிக்குச் சூடாக்கினாலும் இரவு எட்டு மணிக்குச் சூடாக்கினாலும் மீட்டரில் ஏறுவது அதே 4 யூனிட்தான். ஆனால் சூரிய மின்சாரம் பெருகிய ஊரில், ஒரு மணிக்கு அது வெயிலிலிருந்து வந்திருக்கும். எட்டு மணிக்கு அதற்காக எங்கோ நிலக்கரியோ எரிவாயுவோ எரிந்திருக்கும். நாள் முழுவதும் ஒரே கட்டணம் என்றால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. நேரவாரி மின்கட்டணம் அதை ரசீதிலேயே காட்டிவிடுகிறது.

மின்கம்பியில் எதையும் சேர்த்துவைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் ஈடாக இருந்தாக வேண்டும். பயன்பாடு மிஞ்சினால் ஜெனரேட்டர்களின் சுழற்சி தளர்ந்து, 50 ஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 60) நிற்க வேண்டிய அதிர்வெண் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். நாம் சுவிட்சைப் போடுவோம், அதற்கேற்ப மின்நிலையம் கூட்டும், குறைக்கும். இதுவே நெடுங்கால வழக்கம். மாலையில் கொஞ்சம் கூடுதலாகக் காய் என்று சூரியனிடம் சொல்ல முடியாது. ஆகவே பயன்பாட்டைத்தான் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை இயக்கும் நிறுவனம் 2013இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. ஒரு நாளின் மின்தேவையிலிருந்து சூரியனும் காற்றும் தருவதைக் கழித்து, மிச்சத்தை மணிவாரியாக வரைந்த கோடு அது. நண்பகலில் தொங்கும் வயிறு, அந்தியில் விறைத்து நிமிரும் கழுத்து. பார்ப்பதற்கு வாத்துபோல் இருந்ததால் ‘வாத்து வளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2020 வாக்கில், அந்திநேர மூன்று மணி நேரத்துக்குள் மற்ற மின்நிலையங்கள் சுமார் 13,000 மெகாவாட் கூட்ட வேண்டிவரும் என்று அது கணித்தது. வயிற்றுப் பகுதியில் நடப்பது வேறு: வாங்க ஆளில்லாததால், ஓடிக்கொண்டிருக்கும் சூரிய மின்நிலையங்களையே அடக்கச் சொல்கிறார்கள். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் அப்படி வீணாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 அக்டோபர் 11 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மணி நேரத்துக்கு மாநிலத்தின் மொத்தத் தேவைக்கும் ஈடாகச் சூரிய மின்சாரம் கிடைத்தது. அத்தகைய நேரத்தில் யூனிட்டின் விலையைக் குறைக்காமல் வேறு எப்போது குறைப்பது?

மலிவு நேரம் என்பது புதிய யோசனை அல்ல. பிரிட்டனில் 1978இலேயே இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த கட்டணம் கொடுத்தார்கள். பெரிய அனல், அணு மின்நிலையங்களை இரவில் நிறுத்திக் காலையில் ஓட்டுவது கடினம். அந்த இரவு மின்சாரத்தை யாராவது வாங்க வேண்டியிருந்தது. இன்று உபரி நண்பகலுக்கு இடம் மாறிவிட்டது. பழைய பழக்கத்தில் இன்னும் நள்ளிரவையே மலிவாக வைத்திருந்தால், வெயிலைத் தவிர்க்கச் சொல்லி மக்களுக்குப் பணம் கொடுப்பதுபோல் ஆகும்.

விளக்கை நண்பகலுக்கு மாற்ற முடியாது. ஆனால் தண்ணீர் சூடாக்கி, மின்கார் சார்ஜர், நீரேற்றும் மோட்டார், குளிர்பதனக் கிடங்கு ஆகியவை மணிக்கணக்கில் காத்திருக்கும். வெப்பம் கசியாமல் உறையிட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றே ஒரு சிறு மின்கலத்தின் வேலையைச் செய்கிறது: நண்பகலில் சூடேற்றினால் இரவு எட்டு மணிக்குக் குழாயில் சுடுநீர் வரும், அப்போது யூனிட் ஏதும் ஏறாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மலிவு நேரம் சரியாகக் காலை பத்து மணிக்குத் தொடங்கினால், ஆயிரக்கணக்கான டைமர்கள் அதே நிமிடத்தில் சார்ஜர்களை ஓட்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குப் புதிய உச்சச் சுமை அங்கேயே பிறக்கும். தொடங்கும் நேரத்தை வீட்டுக்கு வீடு சில நிமிடங்கள் மாற்றிவைத்தால் சுமை பரவிவிடும். அரைமணிக்கு ஒருமுறை விலை மாறும் திட்டங்களும் உண்டு. அவற்றுக்கு ஸ்மார்ட் மீட்டரும், விலை பார்த்துத் தானே ஓடும் கருவியும் வேண்டும்.

அந்தக் கருவி இல்லாதவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவரும், மூச்சுக்கருவியை எந்நேரமும் ஓட்ட வேண்டிய நோயாளியும் உச்சநேரக் கட்டணத்திலிருந்து தப்ப வழியில்லை. முதலில் டைமரும் விலக்கும் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். உச்சநேர விலையை அதற்குப் பிறகு உயர்த்தலாம். காற்றாலைகள் அதிகமுள்ள பகுதியில் உபரி நள்ளிரவிலும் வரக்கூடும், மின்கலங்கள் பெருகினால் நண்பகல் உபரியே சுருங்கும். எனவே மலிவு நேர அட்டவணையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது திருத்தியாக வேண்டும்.