நாத்தள்ளல் இல்லை, நாக்குப் பின்சரிவு

மிகச் சிறிய கீழ்த்தாடையோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றில், நாக்கு தொண்டைப் பக்கம் சரிவதைக் குறிக்கும் குளோசாப்டோசிஸ் என்ற மருத்துவச் சொல்லுக்கு 'நாத்தள்ளல்' என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவது முறையாக இதைப் பார்க்கிறேன், இனிப் பொறுக்க முடியாது. நாக்குத் தள்ளுகிறது என்றால் தமிழில் நாக்கு வெளியே வருகிறது என்று பொருள், மாடியேறிக் களைத்தவருக்கு வருவது போல. இந்தக் குழந்தைக்கு நடப்பது நேர் எதிர்.

சொல் கிரேக்கம்: குளோசா நாக்கு, ப்டோசிஸ் விழுதல். பிரெஞ்சு மருத்துவர் பியர் ரோபின் 1923இல் எழுதியதும் நாக்கின் அடிப்பகுதி விழுந்து மூச்சுக்குத் தடையாவதைப் பற்றித்தான். தாடை சிறிது, நாக்குக்கு இடம் போதவில்லை, அது தொண்டைப் பக்கம் சரிந்து காற்று போகும் வழியை அடைக்கிறது.

சரி, 'நாவிறக்கம்' என்று வைக்கலாமே என்பார்கள். அதுவும் ஆகாது. குடலிறக்கம், கருப்பை இறக்கம் என்று நாம் ஏற்கெனவே பழகிய சொற்களில் உறுப்பு தன் இடத்தை விட்டுப் பிதுங்கி வருகிறது. அதே அச்சில் நாவிறக்கம் என்றால் படிப்பவர் மனத்தில் நாக்கு வாய்க்கு வெளியேதான் தொங்கும். அப்புறம் அது மேக்ரோகுளோசியாவோடு, அதாவது பெருநாக்கோடு குழம்பிவிடும். பெருநாக்கில் தேவைப்பட்டால் நாக்கையே அறுத்துச் சிறிதாக்குகிறார்கள். இங்கே பெரும்பாலும் நாக்கில் குறையே இல்லை. சில குழந்தைகளுக்கு நாக்கைக் கீழுதட்டோடு தற்காலிகமாகத் தைத்து முன்னால் நிறுத்துகிறார்கள். நிலைமை கடுமையாக இருந்தால் கீழ்த்தாடை எலும்பை இருபுறமும் வெட்டி, கருவி பொருத்தி, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குகிறார்கள், இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது, தாடையோடு நாக்கும் முன்னே வருகிறது. பல் சீரமைப்பு பிறகு, வளர வளர. எதைச் சரிசெய்கிறார்கள் என்பதையே பெயர் தலைகீழாகச் சொன்னால் பெற்றோர் எந்த அறுவைக்கு ஒப்புதல் தருகிறோம் என்று புரிந்து கையெழுத்துப் போடுவார்கள்?

நான் சொல்வது 'நாக்குப் பின்சரிவு'. எந்தத் திசை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'நா' என்று சுருக்கினால்தான் தூய தமிழ் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: நாக்கும் தமிழ்தான், பயந்துபோன ஒரு தாய்க்கு அதுதான் உடனே விளங்கும். அகராதியைத் திறந்து, பாதிச் சொல்லுக்கு ஒன்று மீதிக்கு ஒன்று என்று எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்த உறுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு படத்தையாவது பார்த்திருக்க வேண்டாமா? அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில், மருத்துவர் கண்காணிப்பில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். பின்சரிவு என்று எழுதியிருந்தால் காரணம் தானே புரியும்: குப்புறப் போட்டால் நாக்கு தன் எடையாலேயே முன்னால் வரும். தள்ளிய நாக்கை எதற்கு இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டும் என்று கேட்டால் கையேட்டில் பதில் இல்லை.